உவர்மலையில இருந்து ஒரு ஓப்பன் சோர்ஸ் கோடுக்கு காசு வாங்கின கதை

பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட்ல அடிச்ச எழுத்தை எல்லாக் கொம்பியூட்டருக்கும் ஃபோனுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாத்திற லைப்ரரி, அதாவது மற்ற சொஃப்ட்வேருக்குள்ள சேர்க்கக்கூடிய கோட் ஒண்டு 2016ல எழுதி, ஆரும் எடுத்துப் பாவிக்கலாம், மாத்தலாம் எண்ட ஜிபிஎல் லைசன்ஸ்ல போட்டிருந்தன். எங்கட மாமா திருகோணமலை டவுனுக்குள்ள பிரஸ் வச்சிருக்கிறார், கலியாணக் காட், அந்தியேட்டி அழைப்பு, கோயில் நோட்டீஸ் எல்லாம் பாமினியிலதான் கிடக்கு, எம், கே, செமிகோலன், கே, எச் எண்டு தட்டினா அம்மா எண்டு வாற கீபோட் அது, அதை அப்படியே கொப்பி பண்ணி ஃபேஸ்புக்ல போட்டா வெறும் இங்கிலீஷ் எழுத்துத்தான் வரும். அவருக்காகத்தான் தொடங்கினது. பிறகு மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கனடா எண்டு ஏழு பேர் அதுக்குள்ள கோட் எழுதித் தந்தவை.

2021ல ஒரு வெளிநாட்டுக் கம்பனி மெயில் போட்டுது. அவை விக்கிற சொஃப்ட்வேருக்குள்ள எங்கட லைப்ரரியை வைக்கோணுமாம், ஆனா ஜிபிஎல் கோடை உள்ளுக்கு சேர்த்து வித்தா வாங்கிற ஆளுக்கு முழு சோர்ஸையும் அதே லைசன்ஸ்ல குடுக்கோணும், அது தங்களுக்கு ஏலாது, வேற லைசன்ஸ் தர ஏலுமோ, எவ்வளவு எண்டு கேட்டிருந்தவை. ஜிபிஎல் எண்டா காசு வாங்கக் கூடாது எண்டு எங்கட ஆக்கள் கனபேர் நினைச்சுக் கொண்டிருக்கினம், அது பிழை, விக்கிறதை ஜிபிஎல் தடுக்கிறதில்ல, சோர்ஸை மூடுறதைத்தான் தடுக்குது. மூடி வைக்க வேணும் எண்டவைக்கு வேற லைசன்ஸை காசுக்குக் குடுக்கிறது மைஎஸ்க்யூஎல் எண்ட டேட்டாபேஸ் சொஃப்ட்வேர்க் காரர் எப்பவோ செஞ்ச வேலை. ஆனா அவையிட்ட முழு கொப்பிரைட்டும் இருந்தது. எங்கட லைப்ரரியில ஏழு பேரும் தாங்கள் எழுதின வரிக்குத் தாங்களே சொந்தக்காரர், அதில ஒராள் மாட்டன் எண்டாலும் நான் கையெழுத்து வைக்க ஏலாது.

அஞ்சு பேர் ரெண்டு நாளுக்குள்ள ஓம் எண்டு எழுதிட்டினம். மட்டக்களப்புத் தம்பி மாட்டன் எண்டார். "அண்ணே, நான் சும்மா தந்தது சனத்துக்கு, நீங்க கம்பனிக்கு விக்கிறதுக்கில்ல." டச்பே கரையில இருந்து ஒரு மணித்தியாலம் ஃபோன்ல கதைச்சன். அவர் பயந்ததிலயும் நியாயம் இருந்தது, அந்த வருசம் ஜனவரியிலதான் எலாஸ்டிக்சேர்ச் எண்ட தேடல் சொஃப்ட்வேர் அப்பாச்சி எண்ட திறந்த லைசன்ஸை விட்டிட்டு கட்டுப்பாடு கூடின வேற லைசன்ஸுக்குப் போறதா அறிவிச்சது, சனம் சேர்ந்து கட்டினதை நாளைக்கு நீங்களும் இப்படிப் பூட்டமாட்டியளோ எண்டு நேராக் கேட்டார். நான் 2014ல வந்த ஹார்ட்பிளீட் பிரச்சினையைச் சொன்னன், அது வெப்சைட்டுக்குப் போற தகவலைப் பூட்டி அனுப்பிற ஓப்பன்எஸ்எஸ்எல் எண்ட ஓப்பன் சோர்ஸ் கோட்ல இருந்த ஓட்டை. உலகத்தில பாதி வெப்சைட் நம்பி இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு அதுக்கு முதல் வருசத்துக்குக் கிடைச்ச நன்கொடை கிட்டத்தட்ட 2,000 டொலர்தான், முழுநேரமா வேலை செஞ்சவர் ஒரே ஒராள். சும்மா குடுக்கிறம் எண்டு பெருமைப்பட்டுக்கொண்டு பக் ரிப்போட்டுக்கு, அதாவது பிழை இருக்கு எண்டு எழுதிறவைக்கு, ஆறு மாசம் பதில் போடாம இருக்கிறதும் சனத்துக்குச் செய்யிற அநியாயம்தான் எண்டன், எங்கட லைப்ரரியில அப்ப 40க்கு மேல பக் திறந்து கிடந்தது.

கடைசியில அவர் சொன்ன மாதிரியே எழுதினம். ஒருத்தரும் கொப்பிரைட்டை எனக்கு எழுதித் தாறதில்ல, இந்த ஒரு கம்பனிக்கு மட்டும் அனுமதி. கம்பனி காசில செய்யிற எல்லாத் திருத்தமும் முதல்ல எல்லாருக்கும் திறந்து கிடக்கிற ஜிபிஎல் லைப்ரரிக்குத்தான் போகும். காசு எல்லாருக்கும் சமம். வரியை எண்ணிப் பிரிக்கிறது சரிவராது, 12 வரியில பெரிய சிக்கலைத் தீர்த்த ஆளும் இருக்கிறார். இந்தத் தம்பி இல்லாட்டி நான் இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டன், உண்மையா.

ஏழாவது ஆளைத்தான் பிடிக்க முடியல்ல. மெயில் திரும்பி வந்திட்டுது, ஆர் எப்ப என்ன கோட் எழுதினது எண்டு பதியிற கிட்ல அவர்ர பேர்ல 2018க்குப் பிறகு ஒண்டுமில்ல. அவர் எழுதினதுதான் முக்கியமான இடம், பாமினியில கொம்பு எழுத்துக்கு முன்னால நிக்கும், யூனிகோட்ல மெய்க்குப் பிறகு வரோணும், கொம்பும் அரவும் சேர்ந்து வாற ஒகரம் இன்னும் கஷ்டம். மூண்டு மாசம் பாத்திட்டு அந்தப் பகுதியை திரும்ப எழுதினம். நான் எழுத ஏலாது, பழையதைப் பாத்தவன், நான் எழுதினா அவர்ர கோடைக் கொப்பி பண்ணினது எண்டு வரலாம். கோணேசபுரி கெம்பஸ்ல படிக்கிற பிள்ளை ஒராளுக்கு என்ன உள்ள போகும் என்ன வெளியால வரோணும் எண்டதை மட்டும் எழுதிக் குடுத்தம், பழைய கோடை அவ பாக்கவே இல்ல, அவவுக்கு வேலைக்கு சம்பளம் முதலே குடுத்தாச்சு.

காசு எடுத்தது இன்னொரு அலைச்சல். பேபால்ல அப்ப இலங்கைக்குள்ள காசு வாங்க வழியில்ல, பேங்குக்கு நேரா அனுப்பச் சொன்னன், பேங்க்ல என்ன சாமான் அனுப்பினீங்க எண்டு கேட்டினம், சாமானில்ல, அனுமதி எண்டு விளங்கப்படுத்தி இன்வொய்ஸும் ஒப்பந்தமும் கொண்டு மூண்டு தரம் போனன். இன்வொய்ஸ்ல விவரத்தை முதலே வடிவா எழுதியிருந்தா ஒருதரத்தோட முடிஞ்சிருக்கும்.

வருசத்துக்கு 2,400 டொலர், என்னோட சேர்த்து எட்டுப் பங்கு. அந்த ஏழாவது ஆளின்ர கோட் இப்ப கம்பனிக்குப் போறதில்ல, எண்டாலும் அவர்ர 300 டொலர் தனியா ஒரு கணக்கில கிடக்குது, அவர் எழுதினதைப் பாத்துத்தான் நாங்கள் எல்லாரும் அந்தக் கொம்பை விளங்கினது. எழுதினவை லிஸ்ட்ல அவர்ர பேரை எடுக்கல்ல. இதை வாசிக்கிற ஆருக்காவது தன்ர பழைய கோட் ஞாபகம் வந்தா எனக்கு ஒரு மெயில் போடுங்கோ.