குல்மார்க் பனிக்கு என் அளவில் ஓர் உடை

காஷ்மீரில் சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மார்க்கில் பனிச்சறுக்கு கற்பதென்று முடிவானதும், 48 அங்குல இடுப்புள்ள எனக்கு உடை தேடுவதே பெரும்பாடாகிவிட்டது. கிருஷ்ணகிரிக் கடைகளில் ஸ்வெட்டரைத் தவிர வேறெதுவும் அகப்படாமல் பெங்களூருக்குச் சென்றேன். அங்கே பெண்களுக்கான அளவு எக்ஸ்எல்லோடு நின்றுவிட, ஆண்கள் பிரிவைக் கைகாட்டினார்கள். ஆண்களின் கால்சட்டை இடுப்பில் பொருந்தினாலும் தொடையில் இறுக்கியது, பாதத்துக்குக் கீழே ஒரு சாண் நீண்டது. அதை வெட்டித் தைத்தாலோ, காலணிக்குள் பனி புகாமல் தடுக்கும் உட்பட்டை போய்விடும். பருமனான பெண்ணும் பனியில் சறுக்க விரும்புவாள் என்று இவர்கள் எண்ணிப் பார்க்காதது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

கடைசியில் இணையத்தில், தோளில் மாட்டும் பட்டையும் இருபுறமும் ஜிப்பும் உள்ள கால்சட்டை கிடைத்தது. குனிந்தால் முதுகு தெரிவதில்லை, வயிற்றையும் அழுத்துவதில்லை. வாங்குமுன் நாற்காலியில் உட்கார்ந்து அளவெடுங்கள். நின்று எடுத்ததைவிட எனக்கு 2 அங்குலம் கூடியது. கற்றுக்கொள்பவர் அடிக்கடி பனியில் விழுவார் என்பதால், துணியின் நீர்த்தடுப்பு (எவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் என்ற அளவு) 10,000 மில்லிமீட்டராவது இருப்பது நல்லது. உள்ளே பருத்தி வேண்டாம், அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிரவைக்கும். மெரினோ என்ற செம்மறியாட்டின் கம்பளித் துணி வாங்கி எங்கள் தெருத் தையற்கார அக்காவிடம் கொடுத்தேன். அவர் அக்குளில் சதுரத் துண்டொன்று வைத்துத் தைத்த சட்டையில், இரு கைகளையும் தலைக்கு மேல் தாராளமாகத் தூக்க முடிகிறது.