புரட்டாசி சனிக்கிழமையில் பட்டை வாசனை

அத்தைக்குப் பித்தப்பையில் கல் எடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்ததிலிருந்து எங்களுக்கு ஆளுக்கும் பஞ்சமில்லை, ஆப்பிளுக்கும் பஞ்சமில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோர் கையிலும் ஒரு பை. திறந்து பார்க்கவே வேண்டாம், ஆப்பிள்தான். பிரிட்ஜில் மோரையும் இட்லி மாவையும் ஓரங்கட்டி அடுக்கியும் இடம் போதவில்லை. புரட்டாசிக்குக் காலியாகக் கிடந்த முட்டைத் தட்டையும் கழற்றி எறிந்துவிட்டு அங்கேயும் அடுக்கினேன். கதவைத் திறந்தால் ஒன்றாவது உருண்டு வந்து காலில் விழும்.

அத்தைக்கோ சர்க்கரை. அது இல்லாவிட்டாலும் ஆப்பிளைத் தொட மாட்டார். "மெழுகு பூசின பழத்தை இன்னாத்துக்குத் துன்றது, பல்லுல மாட்டிக்கினு" என்று ஒதுக்கிவிடுவார்.

எங்கள் வேலூரில் ஆசைப்பட்டு ஆப்பிள் வாங்கித் தின்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. கொய்யா வாங்குவார்கள். சீத்தாப்பழம் வந்துவிட்டால் கூடையோடு வாங்குவார்கள். ஆப்பிள் என்றால் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போன வருஷம் என் வீட்டுக்காரர் சம்பளம் வந்த சந்தோஷத்தில் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்திருக்கிறார். தோட்டப்பாளையம் வந்து சேர்வதற்குள் காட்பாடியில் இருக்கிற என் அம்மாவுக்குத் தகவல் போய்விட்டது. யாருக்கு என்ன ஆனதோ என்று அவர் அழுதுகொண்டே ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஆப்பிள்.

இதற்கெல்லாம் இரண்டு அமெரிக்கர்கள் காரணம் என்பது என் கட்சி. நம்ம ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு கட்டில் போட்டு இங்கே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். அந்தக் கட்டில் பெருகி சி.எம்.சி. ஆஸ்பத்திரியாகி, வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஜனம் வந்து இறங்கி, கடைகளில் வங்காள மொழியில் போர்டு எழுதுகிற அளவுக்கு ஊர் மாறிப்போனது. அந்தப் பக்கம் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்று ஒருவர் 1916-இல் சிம்லாவுக்கு மேலே கோட்கரில் சிவப்பு ஆப்பிள் கன்றுகளை நட்டார். அவர் நட்டதை இவர் ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியில் விற்கிறார்கள். எங்கள் பிரிட்ஜ் நிறைந்துவிட்டது. நம்ம வேலூர் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. நோயாளியைப் பார்க்க வரும்போது அதில் அரை கிலோ வாங்கி வந்தால் ஒரு வேளை எண்ணெய்க் கத்தரிக்காயாவது ஆகும். யாருக்கும் தோன்றாது. 2,000 கிலோமீட்டர் தாண்டி வந்த பழத்துக்குத்தான் மரியாதை.

அத்தைக்கு ஆப்பிள் என்பது மொய். கட்டிலில் படுத்தபடியே கணக்கு வைத்திருந்தார். "ஆற்காட்டுக்காரி நாலு. அதுல ஒண்ணு அடிபட்டது. குடியாத்தத்துல இருந்து வந்தவங்க ஆறு. மேல்பட்டறைக்காரங்க வெறும் ரெண்டு, கூட ஒரு பன்னு." ஆற்காட்டுக்காரி என்பது அவருடைய ஓரகத்தி, எங்களுக்குப் பெரியத்தை. "நாளைக்கு அவ படுத்தா நீ நாலுதான் கொண்டும்போவணும். அஞ்சு வெச்சிடாத" என்று எனக்கு உத்தரவு வேறு.

மொய் என்றால் சுற்றில் விட வேண்டுமே. சத்துவாச்சாரியில் ஒரு சின்னம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று கேள்விப்பட்டதும், பிரிட்ஜிலிருந்தே ஒரு பையை நிரப்பிக் கொடுத்தனுப்பினார் அத்தை. சரி, கொஞ்சம் இடம் கிடைத்தது என்று நான் மூச்சுவிட்டேன். அந்த வாரமே வாலாஜாவிலிருந்து சித்தப்பா வந்தார். அவர் பையைப் பிரித்தால் ஒரு ஆப்பிளின் ஸ்டிக்கரில் பேனாவால் வரைந்த இரண்டு கண்ணும் ஒரு பொக்கை வாயும். என் பெண் கிறுக்கியது. சத்துவாச்சாரிக்கும் வாலாஜாவுக்கும் நடுவில் அது எத்தனை கட்டில்களைப் பார்த்ததோ, கன்னம் கொஞ்சம் வாடியிருந்தது. "ஆயா, நம்ம ஆப்பிள்!" என்று கத்தப்போன பெண்ணின் வாயைப் பொத்தி உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.

வெட்டினால் ஒழிய இதற்கு முடிவு கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது. கேக் செய்து, கொண்டுவந்தவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது.

சனிக்கிழமை காலையெல்லாம் தளிகை, புளியோதரை, மாவிளக்கு. மாலையில்தான் கை ஒழிந்தது. முட்டை கூடாது என்பதால் தயிர். ஒரு கேக்குக்கு மைதா 200 கிராம், சர்க்கரை 150, வெண்ணெய் 100, முக்கால் கப் தயிர், ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை ஸ்பூன் சமையல் சோடா, ஒரு ஸ்பூன் பட்டைத்தூள். ஆப்பிளைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, கறுக்காமல் இருக்க எலுமிச்சை பிழிந்து, கடைசியில் கொஞ்சம் மைதாவில் புரட்டிப் போட்டால் அடியில் போய் உட்காராது. அவ்வளவுதான், இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை.

அத்தை கூடத்திலிருந்தே கேட்டார். "இதுக்கு எத்தினி ஆப்பிள் போவும்?"

"மூணு."

"மூணு ஆப்பிளுக்கு இவ்ளோ வெண்ணெயா? அப்போ மீதியெல்லாம் தீரணும்னா எத்தினி கிலோ வெண்ணெய் வாங்கப்போற? நீ ஆப்பிளத் தீக்கறயா, என் புள்ள சம்பளத்தத் தீக்கறயா?"

கணக்கு சரிதான். அதனால் பதில் சொல்லவில்லை.

தயிரும் சோடாவும் சேர்ந்து மாவு நுரைத்துக்கொண்டு மேலே வருகிற நேரம் பார்த்து கரண்ட் போனது. இந்த மாவு காத்திருக்காது. காற்று போய்விட்டால் அப்புறம் எவ்வளவு சூடு காட்டினாலும் எழும்பாது. ஓவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "குக்கர எடு" என்றது கூடம். "அடியில கல்லுப்பு கொட்டு. கேஸ்கட்டு வாணாம், வெயிட்டு வாணாம். தண்ணி ஊத்திடாத. மொதல்ல பத்து நிமிஷம் சும்மா காயட்டும்." இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கல்யாணமாகி வந்த புதிதில் பாகாயத்தில் இருந்தபோது, பக்கத்து வீட்டு டீச்சரம்மா கிறிஸ்துமஸுக்கு இப்படித்தான் செய்வாராம். இத்தனை வருஷமாக நான் ஓவனில் மல்லுக்கட்டும்போதெல்லாம் வாயே திறக்காமல் படுத்திருந்திருக்கிறார்.

சிறு தீயில் வைத்து முக்கால் மணி நேரம். கரண்ட் இல்லாத தெருவில் டிவி சத்தம் கிடையாது, எல்லார் வீட்டு ஜன்னலும் திறந்திருக்கிறது. எங்கள் குக்கரிலிருந்து பட்டை வாசனை கிளம்புகிறது. புரட்டாசி சனிக்கிழமை. கேட்க வேண்டுமா?

முதலில் எதிர்வீட்டு அக்கா கோலப்பொடி கேட்டு வந்தார். இருட்டில், சாயங்காலம் ஏழு மணிக்கு, கோலப்பொடி. கண் மட்டும் அடுப்பங்கரைப் பக்கம். "சுவாமிக்குப் படைச்சாச்சா?" என்று நெற்றியில் இருந்த நாமத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். அடுத்து பின்வீட்டுப் பெரியவர், எலி வந்ததா என்று விசாரித்தார். அந்தப் பட்டை வாசனை ஆம்பூர் வரைக்கும் போயிருக்கும் என்று நினைக்கிறேன். மாடியில் குடியிருக்கிற, வங்காளத்து மால்டாக்காரத் தம்பி ஒருவர்தான் நேர்மையாக, தட்டும் கையுமாக இறங்கி வந்தார். அம்மாவின் வைத்தியத்துக்காக வந்து, மார்க்கெட்டிலேயே தமிழ் கற்றுக்கொண்டவர். "இன்னா அக்கா, பிரியாணியா?"

மூடியைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. பழுப்பாக, நடுவில் லேசாக வெடித்து, ஓரம் தட்டை விட்டு விலகி நின்றது. கத்தியைக் குத்தி எடுத்தால் ஈரம் ஒட்டவில்லை. அக்காவின் முகத்தில் நிம்மதியும் ஏமாற்றமும் ஒன்றாக வந்தன. தம்பியின் முகத்தில் ஏமாற்றம் மட்டும்.

கரண்ட் வந்த பிறகு இன்னொன்று கலந்து, ஓவனில் 180 டிகிரியில் வைத்தேன். அது குக்கர் கேக் அளவுக்கு வரவில்லை என்று அத்தை சொன்னார். தின்று பார்க்காமலே சொன்னார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பங்கு போட்டதும் அத்தைதான். நாலு ஆப்பிளுக்கு இவ்வளவு, ஆறு ஆப்பிளுக்கு இவ்வளவு என்று கத்தியை வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்தார். மேல்பட்டறைக்கு ஒரு சீவல்தான், பன்னு கணக்கில் சேராது. ஆனால் மாடிக்கு மட்டும், அவர்கள் ஒரு ஆப்பிளும் கொண்டுவரவில்லை என்றாலும், மேலே வரிசையாக ஆப்பிள் துண்டு பதிந்த பெரிய பாகத்தை எடுத்து வைத்தார். மறுநாள் மத்தியானம் அந்தம்மாவே கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்கு வங்காளம் தெரியாது. எந்தப் பக்கம் தையல், எத்தனை தையல், எப்போது இழுக்கிறது, எந்தக் கையால் எழுந்தால் வலிக்காது என்று இரண்டு பேரும் விரலை விட்டுக் காட்டிக் காட்டி ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் டீ வைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே எனக்கு வேலை இல்லை.

ஆற்காட்டுப் பெரியத்தை போன் செய்தார். டப்பா வந்து சேர்ந்ததாம். கேக் நன்றாகத்தான் இருந்ததாம், இனிப்பு ரொம்பக் குறைச்சலாம். மக்கன் பேடாவைப் பாகில் ஊறவைத்துத் தின்கிற ஊர்க்காரரிடம் நான் என்ன சொல்ல?

இன்று காலை அத்தைக்குச் சர்க்கரை பரிசோதனை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் முந்நூறைத் தாண்டிவிட்டது. டாக்டர் சீட்டைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார்.

"என்னம்மா சாப்டீங்க?"

"ஆப்பிள்தான் டாக்டர்" என்றார் அத்தை, கொஞ்சமும் கூசாமல். "ஒரு துண்டு."

"ஆப்பிளா? அதுக்கு இவ்வளவு ஏறாதே."

"இவதான் வெட்டிக் குடுத்தா."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தைப் பார்த்தேன். மாத்திரையை ஏற்றி எழுதி, காலில் தொட்டுப் பார்த்து, ஒரு பாட்டு அறிவுரையும் முடிந்து, மருந்து வாங்குகிற வரிசையில் நிற்கும்போது அத்தை என் முந்தானையை மெல்ல இழுத்தார்.

"ஏம்மா, அந்தக் குக்கர் கேக்குல ஓரத்துண்டு ஒண்ணு இருந்துச்சே. புள்ளைக்குக் குடுத்துட்டயா, இன்னும் கீதா?"