தூண் நிழல் மேடையில் விழக்கூடாது

நாடகம் எங்கே தொடங்கியது என்று பேச்சு வந்தாலே எல்லோரும் நேராக ஏதென்ஸுக்குப் போய்விடுகிறார்கள். தெஸ்பிஸ் என்ற ஒருவர் கூட்டமாகப் பாடிக்கொண்டிருந்தவர்களிலிருந்து தனியாக வந்து நின்று ஒரு பாத்திரமாகப் பேசினார், அவர்தான் முதல் நடிகர் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். நல்ல கதைதான். ஆனால் தனியாக வந்தவருக்குப் பெயர் இருக்கிறது, அவருக்குப் பின்னால் பாடிக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் பெயர்கூட அந்தக் கதையில் இல்லை. நான் ஒரு சின்ன நாடகக் குழுவில் விளக்கு பார்க்கிறவன். அதனாலோ என்னவோ, என் கண் எப்போதும் பின்னால் நிற்பவர்கள் மேல்தான் போகும். அப்படிக் கண் போகிறவர்கள் தமிழில் கட்டாயம் படிக்கவேண்டிய ஒரு பகுதி, ஆடல் மகள் மாதவி முதன்முதலாக மேடை ஏறுவதைச் சொல்லும் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை.

பள்ளியில் இதை அவசரமாக முடித்துவிடுவார்கள். மாதவி 5 வயதில் ஆடத் தொடங்கி 7 ஆண்டு பயின்று 12 வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள், தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெற்றாள், அவ்வளவுதான். ஆனால் காதையை எடுத்துப் பார்த்தால் மாதவி ஆடுவது கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் இளங்கோவடிகள் ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்துகிறார். ஆடல் ஆசான், இசை ஆசிரியன், பாட்டு எழுதும் புலவன், தண்ணுமை என்ற கொட்டு வாசிப்பவன், குழலோன், யாழ் ஆசிரியன். ஆறு பேருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஆளுக்குப் பல அடிகள்.

அந்தத் தகுதிகள்தான் விஷயமே. ஒருவருடைய தகுதியும் அவரவர் வேலையோடு நின்றுவிடுவதில்லை. ஆடல் ஆசானுக்கு ஆட்டம் தெரிந்தால் போதாது, பாட்டும் கொட்டும் தெரிய வேண்டும். இசை ஆசிரியன் கவிஞன் மனதில் நினைத்தது என்ன என்பதைப் புரிந்துகொண்டு பாட்டை அமைக்க வேண்டும். புலவன் நாட்டிய நூலும் அறிந்திருக்க வேண்டும், இசைக்காரன் பாட்டை எப்படிக் கொண்டுபோவான் என்பதும் அறிந்திருக்க வேண்டும், போதாததற்கு எதிரிகள் என்ன குறை சொல்வார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு அதற்கு இடம் கொடுக்காமல் எழுத வேண்டும். குழல் ஊதுகிறவன் முழவின் போக்கை அறிந்து தண்ணுமைக்காரனோடு ஒத்துப்போக வேண்டும். பக்கத்து ஆள் என்ன செய்கிறான் என்று தெரியாதவனுக்கு அந்த மேடையில் இடமே இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவன் தண்ணுமைக்காரன். 'ஆக்கலும் அடக்கலும் மீத்திறம் படாமை' என்று ஒரு அடி வருகிறது. மற்ற கருவிகளில் எங்கே குறை விழுகிறதோ அங்கே நிரப்ப வேண்டும், எங்கே மிகுதியாகிறதோ அங்கே அடக்க வேண்டும், அதைச் செய்யும்போது தன் சத்தம் மேலே போய்விடவும் கூடாது என்று உரை விளக்குகிறது. நல்ல தாளக்காரரோடு ஒரு முறையாவது வேலை செய்தவர்களுக்கு இது எவ்வளவு சரி என்று தெரியும். நடிகர் வசனத்தை விட்டுவிட்டு அரை நொடி தடுமாறும்போது அந்த இடைவெளி பார்வையாளருக்குத் தெரியாமல் ஒரு தட்டு தட்டி மூடிவிடுவார்கள், அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

ஆட்கள் முடிந்தபிறகுதான் மேடை. கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்த மூங்கிலை வெட்டி அளவுகோல் செய்கிறார்கள். கோல் ஒன்றுக்கு 24 விரல். மேடை 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம், மேடைப் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் நடுவே 4 கோல். இங்கே விரல் என்றால் கட்டைவிரல் என்கிறது உரை. அதை ஒரு அங்குலம் என்று வைத்துக்கொண்டால் கோல் 2 அடி வரும், மேடை 14க்கு 16 அடி, தரையிலிருந்து 2 அடி உயரம், தலைக்கு மேல் 8 அடி. இன்றும் ஒரு குழு தாராளமாக நாடகம் போடலாம். உள்ளே வர ஒரு வாயில், வெளியே போக ஒரு வாயில். திரைகள் மூன்று விதம்: ஒரு பக்கமிருந்து இழுப்பது, இரண்டு பக்கமிருந்து வந்து சேருவது, மேலிருந்து மறைந்து இறங்குவது. அதற்குக் கயிறு பிடிக்க எத்தனை பேர் வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் என் துறை. 'தூண் நிழல் புறப்பட மாண் விளக்கு எடுத்து.' தூணின் நிழல் ஆடும் இடத்தில் விழாமல் வெளியே போகும்படி விளக்கை வைத்தார்கள். முதன்முதலாக இதன் பொருள் புரிந்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். மண்டபங்களில் நாங்கள் ஏணி போட்டு ஏறி, விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீழே ஒருவரை நடிகர் நிற்கும் இடத்தில் நிற்கவைத்து 'மூஞ்சியில் நிழல் இருக்கா?' என்று கத்துவது இதற்காகத்தான். எண்ணெய் விளக்கில் இது இன்னும் சிரமம், சுடர் ஆடினால் நிழலும் ஆடும். மேடையில் நிழல் விழுந்து கடுப்பான யாரோ ஒருவர் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார், அவர் வேலை காப்பியத்தில் ஏறிவிட்டது.

ஆட்டம் தொடங்கும்போதுகூட மாதவி தனியாக நிற்பதில்லை. வலக்காலை முன்வைத்து ஏறி அவள் வலத் தூண் பக்கம் நிற்க, இடத் தூண் பக்கம் தோரிய மகளிர் நிற்கிறார்கள். தங்கள் காலத்தில் ஆடி முதிர்ந்தவர்கள், இப்போது இளையவளுக்காகப் பாட வந்திருக்கிறார்கள். பின்பு இசை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கிறது. குழலின் வழியே யாழ், யாழின் வழியே தண்ணுமை, தண்ணுமைக்குப் பின் முழவு, அதோடு ஆமந்திரிகை என்ற கருவி. யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்பதுதான் அங்கே வர்ணனையாகவே வருகிறது.

சரி, இது காப்பியம், அரசவை, பொன் பரிசு. இதே ஒழுங்கை மண் தரையில் பார்க்க வேண்டும் என்றால் செய்யாறு, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கம் தெருக்கூத்துக்குப் போங்கள். அந்தக் காலத்துக் கூத்துதான் இந்தக் கூத்து என்று நேர்க்கோடு போட நான் வரவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரம் வேண்டும். ஒருவர் வேலை இன்னொருவர் வேலைக்குள் நுழைந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

கூத்துக் குழுவை ஜமா என்பார்கள், நடத்துகிறவர் வாத்தியார். மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், முகவீணை என்ற ஊதுகருவி, தாளம். முதலில் வாத்தியங்கள் சேர்ந்து முழங்கிக் கூத்தைத் தொடங்கும், அதைக் களரி கட்டுவது என்பார்கள். பிறகு இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் பின்னால் துரியோதனனோ கர்ணனோ பாட்டோடு வருவார். கிரீடம், புஜம், மார்புக் கட்டை எல்லாம் லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில் பதித்தவை, அவற்றை உடம்பில் இறுக்கிக் கட்ட இன்னொருவர் கை வேண்டும். அவர் ஒரு அடி பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள், அவர் மூச்சு வாங்கிக்கொள்வதும் அடுத்த அடியை நினைத்துக்கொள்வதும் அந்த நேரத்தில்தான். பாதி வேஷத்தோடு, இன்னும் தன் முறை வராத நடிகரே வாத்தியக்காரர்கள் பக்கம் வந்து நின்று பின்பாட்டுப் பாடுவதைப் பார்க்கலாம். விடிய விடிய நடக்கும் கூத்து வேறு எப்படித் தாங்கும்? கட்டியக்காரன் சிரிக்க வைக்க வந்தவன் என்று நினைப்பார்கள், ஆனால் 'தாங்கள் யார்?' என்று ராஜாவைக் கேட்டுக் கதையைத் தொடங்கி வைப்பவரும் அவர்தான், இழுவையாகும் இடத்தில் கதையைத் தள்ளிவிடுபவரும் அவர்தான்.

திரௌபதி அம்மன் திருவிழா என்றால் ஊரே குழுவில் சேர்ந்துவிடும். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் அதே கதை கூத்தாகும். துரியோதனன் சாகும் படுகளத்தன்று ஊரார் மண்ணைக் குவித்துப் படுத்திருக்கும் துரியோதனன் உருவத்தைப் பிரமாண்டமாகச் செய்து வைத்திருப்பார்கள், அதைச் சுற்றி பீமன் வேஷக்காரரும் துரியோதனன் வேஷக்காரரும் பட்டப்பகலில் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவார்கள். யார் நடிகர், யார் பார்வையாளர் என்று அப்போது பிரிக்கவே முடியாது.

செய்யாறு பக்கம் புரிசை என்ற ஊரின் தம்பிரான் குடும்பத்தார் ஆடிய கூத்தைப் பார்த்துத்தான் நாடக ஆசிரியர் ந. முத்துசாமிக்கு நம் நாடகத்துக்கு வேர் இங்கே இருக்கிறது என்று பட்டது; 1977இல் சென்னையில் அவருடைய கூத்துப்பட்டறை நாடகக் குழு தொடங்கியது. நகரத்து நாடகக்காரர்கள் கூத்திடமிருந்து ஆட்ட அடவையும் வேஷத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பின்பாட்டை இன்னும் அதிகமாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் கருத்து. பல நகர ஒத்திகைகளில் தன் காட்சி முடிந்ததும் நடிகர் வெளியே போய் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

பங்குனியிலிருந்து ஆடி வரை வட மாவட்டங்களில் கூத்து நடந்துகொண்டே இருக்கும். போகிறவர்கள் கூத்து தொடங்கும் நேரத்துக்குப் போகாமல் சாயங்காலமே போய்விடுங்கள், கேட்டுவிட்டு வேஷம் கட்டும் கொட்டகையில் ஓரமாக உட்காருங்கள். இரவில் வாத்தியக்காரர்களுக்குப் பக்கவாட்டில் இடம் பிடித்தால் பின்பாட்டு நன்றாகக் கேட்கும்.