மலை ரயிலும் ஒரு பைசாவும்

காலையில் குன்னூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன். சாய்வு என்றால் என்னவென்று கேட்டேன், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சரி, நம்ம மலை ரயிலையே எடுத்துக்கொண்டேன். கல்லாறு தாண்டியதும் ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். "அவ்வளவுதானா சார்?" என்றான் ஒருவன். கோணம் 5 டிகிரிகூட இல்லைதான். அதற்கே, இன்ஜினின் பல்சக்கரம் கவ்விப் பிடித்து ஏற, தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் போட வேண்டியிருந்திருக்கிறது.

மதியம் ஒரு தேயிலை ஃபேக்டரிக்காக பைத்தான் என்கிற கணினி மொழியில் பச்சை இலைக் கணக்கு. இரண்டு கூட்டுத்தொகையும் சமமில்லை என்று அடம்பிடித்தது. தசம எண்களைக் கணினி தோராயமாகத்தான் வைத்துக்கொள்ளும்; 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்கிற ஜாதி அது. எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறவன் இதை மறந்தேன் பாருங்கள்! எல்லாவற்றையும் பைசாவாக, முழு எண்ணாக மாற்றிய அப்புறம்தான் வழிக்கு வந்தது.

ராத்திரி காட்டேஜ் ரிசப்ஷன். மேஜையில் டோபாலஜி பாட நோட்டு. வெந்நீர் எப்போது வரும் என்று கேட்டு மூன்றாவது முறையாக வருகிறார் ஒருவர்.