கெண்டையின் மீது போட்ட பழி

வேலூரைத் தண்ணீர் இல்லாத ஆறு ஓடும் ஊர் என்று கேலி செய்வார்கள். அந்த ஊரில் உயிர் மீன் தேடி அலைவதுதான் ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. ஏரிக் கெண்டைகளைத் தொட்டியில் துள்ளத் துள்ள வைத்து விற்கும் ஒரு அக்காவை மார்க்கெட்டில் கண்டுபிடித்தேன். சதையை அவரிடமே விட்டுவிட்டு, முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சிவப்புப் பட்டையை மட்டும் எடுத்துப் பனிக்கட்டியில் வைப்பேன். சமையலுக்கு முன் ரத்தக்கட்டி என்று நகத்தால் சுரண்டி எறிகிறோமே, அதுதான் மீனின் சிறுநீரகம். “கறியை விட்டுவிட்டுக் கழிவுக்குக் காசு கொடுக்கிறாயே தம்பி” என்று சிரிப்பார்.

ரத்தத்தை வடிகட்டும்போது சர்க்கரையும் சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள் இறங்கிவிடும். அதைக் குழாயின் சுவரில் இருக்கும் செல்கள் மீட்டாக வேண்டும். எப்படி மீட்கின்றன என்று பார்க்க, சிறுநீரகத்தை அரைத்து மெக்னீசியம் குளோரைடு சேர்ப்போம். மற்றச் சவ்வுகள் திரண்டு அடியில் தங்கிவிடும். குழாயின் உட்புறம் பார்த்த தூரிகைச் சவ்வு மட்டும் மேலே மிதக்கும். அதை வேகமாகச் சுழற்றி எடுத்து, மெல்லிய ஊசி வழியே பீய்ச்சினால் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பைகளாகிவிடும். வெளியே சோடியம் உப்பும் கதிரியக்கக் குறியிட்ட குளுக்கோஸும் ஊற்றி, நொடிக்கணக்கு பார்த்து வடிகட்ட வேண்டும். வெளியே மின்வெட்டும் வேலூர் வெயிலும். உள்ளே பனிக்கட்டி உருகுகிறதே என்று அடித்துக்கொள்ளும் என் நெஞ்சும்.

முதல் சில நொடிகளிலேயே, வெளியில் உள்ளதைவிடப் பைக்குள் குளுக்கோஸ் அதிகமாகிவிடும். பிறகு மெல்ல இறங்கிச் சமமாகும். வரைபடத்தில் அது ஒரு திமில் போலத் தெரியும். எனக்கு ஒரு வாரம் திமிலே வரவில்லை. கோடு சோம்பலாக ஏறிச் சமநிலையில் நின்றுவிட்டது.

மார்க்கெட்டுக்குப் போய் அக்காவிடம் சண்டை போட்டேன். பழைய மீனைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றேன். அவர் பேசாமல் ஒரு கெண்டையின் செவுளைத் திறந்து காட்டினார். ரத்தச் சிவப்பு. அதையும் நான் நம்பவில்லை.

குற்றவாளி என் அலமாரியில் இருந்தது. சோடியம் தயோசயனேட்டுக்குப் பதில் பொட்டாசியம் தயோசயனேட். இரண்டும் வெள்ளை உப்பு, ஒரே மாதிரி புட்டி. அந்த வீணான வாரத்தில்தான் விஷயம் எனக்கு உறைத்தது: சவ்வில் உள்ள கடத்திப் புரதம் சர்க்கரையைத் தன் பலத்தில் இழுப்பதில்லை. சோடியம் உள்ளே பாயும் வேகத்தில் சர்க்கரையும் கூடவே தொற்றிக்கொண்டு போகிறது. உயிருள்ள செல்லில், மறுபக்கச் சவ்விலுள்ள பம்பு சோடியத்தை ஓயாமல் வெளியேற்றி அந்த ஓட்டத்தைக் காக்கிறது. பொட்டாசியத்துக்கு அந்தக் கதவு திறக்காது. உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் குடலைப் பற்றிச் சொன்ன கருத்து இதுதான். வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான். நம் சிறுநீரகமும் நாளொன்றுக்குச் சுமார் 180 கிராம் குளுக்கோஸை மீட்கிறது. அந்தக் கதவை அடைக்கும் மாத்திரையை அப்பா இப்போது தினமும் சாப்பிடுகிறார்.

சரியான உப்போடு செய்ததும் திமில் எழுந்தது. அதே கதவை அடைக்கும், ஆப்பிள் மரப்பட்டையில் கிடைக்கும் ஃப்ளோரிசினைச் சேர்த்ததும் படுத்துவிட்டது. மேற்பார்வையாளரிடம் வரைபடத்தைக் காட்டினேன். புட்டிக் கதையைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அக்காவிடம் இரண்டு கிலோ கெண்டையைக் கறியோடு வாங்கினேன். “கழிவு மட்டும் போதாதா இன்றைக்கு?” என்றார். போதாது என்று பணத்தை நீட்டினேன்.