சிவப்பே இல்லாத சாரசீனியா

பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியான சாரசீனியா பச்சையாக இருந்தாலே அபூர்வ வகை என்று நம்பிவிட வேண்டாம். வெயில் குறைந்த சாதாரண சாரசீனியாவும் பச்சையாகத்தான் நிற்கும். முழு வெயிலில் ஒரு பருவம் வைத்துவிட்டுப் புதுக்குருத்தின் அடியைப் பாருங்கள். அங்கே துளி சிவப்பு தெரிந்தாலும் அது அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி அற்ற வகை அல்ல.

வட அமெரிக்கச் சதுப்புகளின் சாரசீனியா பர்ப்யூரியாவில் இந்த வகைக்கு ஹெட்டரோஃபில்லா என்று பெயர். வழக்கமான கருஞ்சிவப்புப் பூவுக்குப் பதிலாக மஞ்சள் கலந்த பச்சைப் பூ வரும். சாரசீனியா ஃபிளாவா என்ற இன்னொரு இனத்தில் பூவை வைத்து முடிவு செய்ய முடியாது, அதன் பூ எப்போதுமே மஞ்சள்தான்.

இந்தச் சிவப்பின்மை ஒடுங்கு பண்பு, அதாவது இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். சாதாரணச் செடியோடு கலந்தால் முதல் தலைமுறை முழுக்கச் சிவப்பேறும். பலர் இங்கேதான் மனமொடிந்து நாற்றுகளைத் தூக்கிப் போடுகிறார்கள், பாவம்! அவற்றைத் தங்களுக்குள் கலந்தால் ஏறக்குறைய நாலில் ஒன்று தூய பச்சையாக வரும். பூவின் தலைகீழ்க் குடையில் உதிர்ந்த மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து, குடையின் ஐந்து முனைகளின் உட்புறமுள்ள சூல்முடிகளில் தடவுங்கள். விதையை ஈரப் பாசியில் வைத்து 4 முதல் 6 வாரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். மண்ணுக்கு உரமில்லாத பீட்டும் (மக்கிய சதுப்புப் பாசி) பெர்லைட்டும் (பொரிந்த எரிமலைக் கண்ணாடித் துகள்) சரிபாதி, தண்ணீருக்கு மழைநீர். குழாய்த் தண்ணீரின் உப்பு வேரைக் கருக்கிவிடும்.