மாலை போட்டேன், மூன்றாம் நாள் கையைக் கட்டினார்கள்

நான் முதலில் வைத்தியத்துக்குப் போனது குடியை நிறுத்த அல்ல. கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் மாதம் ஒரு நாள் வந்து உட்காரும் வைத்தியரிடம், சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்களே, அந்த "ஆண்மைக் குறைவு" சமாச்சாரத்துக்காகப் போனேன். அப்போது எனக்கு வயது 39. கல்யாணமாகி 11 வருடம். நீடாமங்கலம் பக்கம் சின்னதாக ஓர் உரக்கடை வைத்திருக்கிறேன். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாடி ஏறினால், என் கடையில் யூரியா வாங்குகிற இரண்டு பேர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வைத்தியர் நாடி பிடித்தார். "சின்ன வயசுப் பழக்கம்" என்றார். 48 நாளைக்கு லேகியமும் பொடியும் கொடுத்து 9,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். புளி ஆகாது, கத்திரிக்காய் ஆகாது என்று பத்தியம் சொன்னவர், குடிப்பியா என்று மட்டும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. லேகியத்தை உருட்டி வாயில் போட்டு, அது இறங்குவதற்கு ஒரு கட்டிங் ஊற்றிக்கொண்ட நாட்களும் உண்டு.

அப்போது தினம் இரண்டு குவார்ட்டர். ஒரு குவார்ட்டர் பிராந்தியில் சுத்தமான ஆல்கஹால் மட்டுமே சுமார் 60 கிராம் என்பது பிறகு டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டித்தான் தெரிந்தது. பகல் 12 மணிக்கு டாஸ்மாக் கடை திறக்கும்வரை கை நடுங்கும். பில் எழுத முடியாது, பையனை எழுதச் சொல்வேன். சாப்பாடு என்று சொன்னால் ராத்திரி இரண்டு வாய், அதுவும் ஊறுகாய்க்குத் துணையாக. என் அப்பாவும் குடித்தவர்தான். "ரத்தத்துல இருக்கு" என்று ஊரில் சொல்வார்கள். பரம்பரையின் பங்கு ஏறக்குறைய பாதி என்றும், மீதிப் பாதி நாம் வளர்ந்த இடம், சேர்ந்த கூட்டம், மனசில் சுமக்கும் பாரம் எல்லாம் சேர்ந்தது என்றும் டாக்டர் சொன்னார்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. படுக்கையில் முடியாமல் போன காலத்தில்தான் என் மனைவிமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் போனை எடுத்துப் பார்ப்பேன். பால்காரர் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினால் அன்றைக்கு வீட்டில் ரகளை. நெடுநாள் குடிப்பவர்களுக்கு இந்தச் சந்தேகமே ஒரு நோயாக வரும் என்று அப்போது யார் சொன்னார்கள்?

எங்கள் பக்கம் குடியை விட இரண்டு வழிதான் தெரியும். கோயிலில் கயிறு கட்டிக்கொள்வது, இல்லையென்றால் கார்த்திகையில் மாலை போடுவது. 2022-இல், சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டி ஒரு வாரம்கூட ஆகாத நேரம், கார்த்திகை முதல் தேதி மாலை போட்டேன். சில வருடம் முன்பு போட்டபோது இரண்டு நாள் தூக்கம் வராமல் புரண்டதோடு சரி. அந்தத் தைரியம். நிறுத்தி, தொடங்கி, மறுபடி நிறுத்தினால் ஒவ்வொரு தடவையும் உடம்பு முன்னைவிட மோசமாகத் திருப்பி அடிக்கலாம் என்பது தெரியாது.

இரண்டாம் நாள் விடியற்காலை குளத்துப் படித்துறையில் வலிப்பு வந்து விழுந்தேன். நல்ல வேளை, தண்ணீரில் இறங்கியிருக்கவில்லை. யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். (அதனால் ஒரு பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.) பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, "விரதம், பலவீனம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி நடந்தது எனக்கு நினைவில்லை. மனைவி சொல்லித்தான் தெரியும். கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இல்லாத பில் புத்தகத்தில், இல்லாத ஆட்களுக்கு "யூரியா ஒரு மூட்டை 266 ரூபா 50 காசு" என்று எழுதிக்கொண்டே இருந்தேனாம். சுவரெல்லாம் எறும்பு என்று தட்டிவிட்டேனாம். உடம்பு கொதித்தது, வேர்வை ஆறாக ஓடியது. ஐயப்பன் சோதிக்கிறார் என்றார்கள் சிலர். மச்சினன்தான் "அத்தானுக்கு இது சாமி இல்லக்கா" என்று 108-ஐக் கூப்பிட்டான். மாலையோடு எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவது என்று என் அம்மா அழ, குருசாமி போனிலேயே சரணம் சொல்லிக் கழற்றச் சொன்னார். அந்த மனுஷனுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

தஞ்சாவூரில் சேர்த்தார்கள். ஊசியைப் பிடுங்குகிறேன் என்று முதல் இரண்டு நாள் கைகளைத் துணியால் கட்டி வைத்திருந்தார்கள். தெளிந்த பிறகு டாக்டர் எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னார்: "சரக்கு மூளைக்கு பிரேக். வருஷக்கணக்கா நீ பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருந்தா, வண்டி ஓடணுமேன்னு மூளை ஆக்சிலேட்டரைக் கூட்டிக்கிட்டே போகும். திடீர்னு பிரேக்லேர்ந்து காலை எடுத்தா?" அதனால்தான் பிரேக்குக்குப் பதிலாக லோராசெபாம் என்ற, மூளையை அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்து, அதையும் நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரத்தில் நிறுத்தினார்கள். கடைசியாகக் குடித்த இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இந்தப் பிதற்றல். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். மாலை போட்டதில் தப்பில்லை, போடுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க வேண்டும் என்றார்.

வந்ததும் முதலில் போட்டது தயமின் ஊசி, அதாவது வைட்டமின் பி1. சத்தில்லாத குடிகாரனுக்கு அதைப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம் என்றதும், அந்த கிளினிக் பாட்டில் ஞாபகத்துக்கு வந்து வயிற்றைக் கலக்கியது. இந்தச் சத்து அரிசியின் தவிட்டில்தான் அதிகம். நெல் விளையும் ஊரில் பிறந்து, மில்லில் தீட்டித் தவிட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டு வெள்ளைச் சோறு தின்கிறோம். புழுங்கல் அரிசியில் கொஞ்சம் மிஞ்சுமாம், புழுக்கும்போது சத்து உள்ளே இறங்கிவிடுவதால். நான் அந்தச் சோற்றையும் ஒழுங்காகத் தின்னவில்லை.

டிஸ்சார்ஜ் நாளில் என் மாமியார் டாக்டரைத் தனியே பிடித்து, "சாம்பார்ல கலந்து குடுக்குற மாத்திரை இருக்காமே" என்று கேட்டிருக்கிறார். டாக்டருக்கு வந்ததே கோபம். அது டைசல்ஃபிரம். சாப்பிட்டவன் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். தெரிந்தே, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மாத்திரை. தெரியாமல் கொடுத்தால் ஆளே போய்விடலாம். என் கல்லீரல் கெட்டிருந்ததால் எனக்கு அது வேண்டாமென்று, ஏக்கத்தைக் குறைக்கும் அகாம்ப்ரோசேட் எழுதினார். வேளைக்கு இரண்டு, நாளைக்கு ஆறு மாத்திரை. விழுங்கியே பாதி வயிறு நிறையும்.

தை மாதம் ஒரு சாவு வீட்டில் மறுபடி குடித்தேன். கூத்து, பந்தல், பெரியப்பா மகன் நீட்டிய பிளாஸ்டிக் டம்ளர். நான்கு நாள் மறைத்தேன். ஐந்தாம் நாள் ராத்திரி மச்சினன் 14416-க்கு, அதுதான் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், போன் போட்டு என் கையில் கொடுத்தான். மறுநாள் பஸ் ஏறி டாக்டர் முன்னால் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். எத்தனை மணிக்கு, யாரோடு, அன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்டார். யோசித்தால், எனக்கு ஆசை வருவதெல்லாம் சாயங்காலம் ஏழு மணி, வெறும் வயிறு. அதிலிருந்து ஆறரைக்கே கடையில் நாலு இட்லி. சிரிக்காதீர்கள், மாத்திரையைவிட எனக்கு அந்த இட்லிதான் அதிகம் உதவியது. வாரம் ஒருநாள் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கும் போகிறேன். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் ஒருவருக்கொருவர் பேசித் தொடங்கியது. காசு கிடையாது, ஊர், பேர் கேட்பதில்லை.

லாட்ஜ் விஷயத்தை நான்காம் மாதம்தான் வாய்விட்டுக் கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. முதலில் சர்க்கரைக்கு ரத்தம் எடுத்தார். அது சரியாக இருந்தது. நரம்பு, ஹார்மோன், கல்லீரல் மூன்றையும் சரக்கு தொடும், நிறுத்தினால் பல பேருக்கு மாதங்கள் போகப் போகத் திரும்பும், எல்லாருக்கும் முழுசாக அல்ல என்றார். மெடிக்கல் ஷாப்பில் ஆண்மைக் குறைவுக்கு நானாக மாத்திரை வாங்கக் கூடாது என்றார். சில இதய மாத்திரைகளோடு அது சேர்ந்தால் ஆபத்து. அடுத்த முறை மனைவியையும் வரச் சொல்லி, "கொஞ்ச நாளைக்கு அதைப் பத்தின முயற்சியே வேண்டாம், பக்கத்துல படுத்துக் கைய புடிச்சுக்கிட்டுத் தூங்குங்க" என்றார். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். வெட்கம் என்று நினைத்தேன். வராந்தாவில் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு முதலில் வேண்டியிருந்தது பால்காரர் விஷயத்துக்கு ஒரு மன்னிப்பு. அதைக் கேட்க எனக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது.

இப்போது உடம்பு முக்கால்வாசி சரி. ராத்திரி கடை சாத்திவிட்டு வந்தால், வாசலிலேயே "என்னங்க, இன்னைக்கு யாவாரம் எப்படி?" என்று கேட்பாள். யாவாரத்தைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது; என் நாக்கு குழறுகிறதா என்று பார்க்கிறாள். நானும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, எத்தனை மூட்டை போயிற்று, யார் கடன் சொன்னார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.